உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் காவலாளி யார்?



இந்த வாரம் உங்களுக்கு ஒரு திருட்டுக் கதை சொல்லப் போகிறேன். பூட்டு உடையவில்லை. கதவு திறக்கவில்லை. தெரு நாய்கூடக் குரைக்கவில்லை. ஆனாலும் என் வீட்டிலிருந்த 140 பொக்கிஷங்கள் போய்விட்டன. அந்தத் திருடனைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்தது யார் தெரியுமா? சாட்சாத் நானேதான்!

2016ல் ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். 34 வருடங்களாக நான் பாடம் நடத்திய வகுப்புகளின் குரூப் போட்டோக்களை எல்லாம் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பழைய மாணவர்களுக்குச் சொல்லி அனுப்பினேன். பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த படங்களை ஒவ்வொருவராகக் கொண்டு வந்து கொடுத்தார்கள். ஸ்கேன் செய்து கொண்டு, படத்தைத் திருப்பிக் கொடுத்து விடுவேன். இப்படி 140 படங்கள் சேர்ந்தன. என் பழைய கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவுக்கு மாற்றி விட்டேன். 'காப்பி' செய்யவில்லை, 'கட்' செய்து மாற்றினேன். இந்த 'கட்' என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கடைசியில் இதற்கு வேலை இருக்கிறது.

2017 ஜனவரியில் இரண்டு படங்களை மட்டும் பிரின்ட் எடுக்க ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி என் பென் டிரைவை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் செருகினார். படம் அழகாக வந்தது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்து, பென் டிரைவை என் கம்ப்யூட்டரில் செருகினேன். என்ன ஆச்சரியம்! எல்லா போல்டர்களின் மூலையிலும் ஒரு குட்டி வளைந்த அம்புக்குறி. எதைக் கிளிக் செய்தாலும் படங்கள் திறக்கவில்லை. கை கால் உதறியது. என்னென்னவோ பட்டன்களை அழுத்தினேன். 'பார்மட்' செய்யட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. 'சரி' என்று அழுத்தி விட்டேன். பென் டிரைவ் சுத்தமாகிவிட்டது. 'அப்பாடா' என்று அதில் என் மகனின் கல்யாண வீடியோவையும் ஏற்றினேன்.

இரண்டு நாள் கழித்து என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். பெரிய கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பாதுகாக்கும் பிரிவில் வேலை பார்க்கிறான். நடந்ததைச் சொன்னேன். தலையில் கை வைத்துக் கொண்டான்.

"டீச்சர், அந்த வைரஸ் உங்க படங்களை அழிக்கவே இல்ல. மறைச்சுத்தான் வெச்சிருந்துச்சு. சுலபமா திரும்ப எடுத்திருக்கலாம். நீங்க பார்மட் பண்ணி, அதுமேல வீடியோவையும் ஏத்திட்டீங்களே!"

ஆமாம் செல்லங்களே. படங்களை அழித்தது வைரஸ் இல்லை. என் அவசரம்தான்!

அவன் கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டான். "எங்க கம்பெனியில இதைப் பார்க்கறதுக்குன்னே 12 பேர் இருக்கோம். உங்க வீட்டுல யாரு டீச்சர் இருக்கா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள் பார்ப்போம். உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

மால்வேர் என்றால் என்ன?

கம்ப்யூட்டர் என்பது சொன்னதைச் செய்யும் வேலைக்காரன். நாம் கொடுக்கும் கட்டளைகளின் தொகுப்புதான் சாப்ட்வேர். கெடுதல் செய்வதற்கென்றே எழுதப்பட்ட சாப்ட்வேருக்கு மால்வேர் என்று பெயர். இதில் பல வகை உண்டு.

வைரஸ்: வேறொரு பைலில் ஒட்டிக் கொண்டு, அந்த பைல் திறக்கப்படும்போது பரவும்.

வார்ம்: தமிழில் புழு. ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொன்றுக்குத் தானே ஊர்ந்து போகும்.

ட்ரோஜன்: நல்ல பிள்ளை வேஷம் போட்டு வரும். 'இலவச கேம்' என்று பெயர் இருக்கும். உள்ளே விஷம் இருக்கும்.

ரேன்சம்வேர்: உங்கள் பைல்களை எல்லாம் யாரும் படிக்க முடியாத சங்கேத மொழியாக மாற்றி விட்டு, 'பணம் கொடுத்தால் சாவி தருகிறேன்' என்று மிரட்டும்.

நாம் எல்லாவற்றையும் சேர்த்து 'வைரஸ்' என்றே சொல்லி விடுகிறோம். பரவாயில்லை, அர்த்தம் புரிந்தால் சரி.

உங்களுக்குத் தெரியுமா?

ஐ.பி.எம். வகை கம்ப்யூட்டர்களில் பரவிய முதல் வைரஸின் பெயர் 'பிரெய்ன்'. 1986ல் பாகிஸ்தானின் லாகூர் நகரில், கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த சகோதரர்கள் இருவர் இதை எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், கடை முகவரி, டெலிபோன் நம்பர் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள்! அது பிளாப்பி டிஸ்க் வழியாகப் பரவியது. என் பென் டிரைவில் வந்தது அதன் பேரப்பிள்ளை மாதிரி.

வீடா, கம்பெனியா?

இப்போது ஒரு கேள்வி. மால்வேரால் யாருக்கு ஆபத்து அதிகம்? ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் உள்ள பெரிய நிறுவனத்துக்கா? ஒரே ஒரு கம்ப்யூட்டர் உள்ள நம் வீட்டுக்கா?

"நம்ம வீட்டுல என்ன இருக்கு? திருடன் கம்பெனிக்குத்தான் போவான்!" என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. பாதி சரி. மீதிப் பாதி என்ன என்பதைச் சில உண்மைச் சம்பவங்கள் வழியாகப் பார்ப்போம்.

மருத்துவமனைகளை முடக்கிய புழு

என் படங்கள் போன அதே 2017ஆம் வருடம், மே 12, வெள்ளிக்கிழமை. பல நாடுகளின் அலுவலகங்களில் கம்ப்யூட்டர் திரைகள் திடீரென்று சிவப்பாக மாறின. 'உங்கள் பைல்கள் பூட்டப்பட்டு விட்டன. 300 டாலர் கொடுங்கள்' என்று அறிவிப்பு. இதுதான் 'வான்னாக்ரை' என்ற ரேன்சம்வேர். பெயரைத் தமிழில் சொன்னால், 'அழணும் போல இருக்கா?' எவ்வளவு திமிர் பாருங்கள்!

சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் மாட்டிக் கொண்டன. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் மிகவும் அவதிப்பட்டன. ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பார்க்கும் நேரம் ரத்து செய்யப்பட்டது. சில இடங்களில் ஆம்புலன்ஸ்களை வேறு மருத்துவமனைக்குத் திருப்பி விட்டார்கள். பிரான்சில் கார் தொழிற்சாலை நின்றது. ஜெர்மனியில் ரயில் நிலைய அறிவிப்புப் பலகைகளில்கூட இந்த மிரட்டல் தெரிந்தது. நம் நாட்டில் ஆந்திராவின் சில போலீஸ் அலுவலகக் கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தப் புழு நுழைந்த ஓட்டையை அடைக்கும் 'அப்டேட்'டை மைக்ரோசாப்ட் நிறுவனம் அதே வருடம் மார்ச் 14 அன்றே வெளியிட்டு விட்டது. அதாவது, இரண்டு மாதத்துக்கு முன்பே! வீடுகளில் அப்டேட் தானாக வரும்படி வைத்திருந்தவர்களுக்கு ஓட்டை தானாகவே அடைபட்டது. மேலும், வீட்டு இன்டர்நெட் இணைப்பில் இருக்கும் 'ரவுட்டர்' பெட்டி, வெளியிலிருந்து தானாகக் கதவைத் தட்டும் புழுவைப் பெரும்பாலும் உள்ளே விடாது.

பெரிய நிறுவனங்கள் ஏன் மாட்டின? அங்கே அப்டேட் செய்வது சுலபமில்லை. ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் மெஷின் பழைய சாப்ட்வேரில் ஓடிக் கொண்டிருக்கும். அப்டேட் செய்தால் அது நின்று விடுமோ என்ற பயம். சோதித்துப் பார்த்து, அனுமதி வாங்கி, பிறகுதான் செய்ய முடியும். அதற்குள் புழு வந்து விட்டது. அங்கே கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை. ஒன்றுக்குள் நுழைந்தால் போதும், வகுப்பில் ஒருவனுக்கு அம்மை போட்டால் பெஞ்சு முழுக்கப் பரவுவது போலப் பரவி விடும்.

சரி, அந்தப் புழுவை நிறுத்தியது யார்? ராணுவமா? பெரிய கம்பெனியா? இங்கிலாந்தில் கடற்கரை ஊர் ஒன்றில், தன் வீட்டிலிருந்து வேலை பார்த்த 22 வயது இளைஞர், மார்கஸ் ஹட்சின்ஸ்! அந்தப் புழு ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் நுழைந்ததும், இன்டர்நெட்டில் இல்லாத ஒரு விசித்திரமான முகவரியைத் தேடிப் பார்ப்பதை அவர் கண்டுபிடித்தார். சுமார் 11 டாலர் செலவழித்து அந்த முகவரியைத் தன் பெயரில் பதிவு செய்தார். அவ்வளவுதான்! முகவரி கிடைத்ததும் புழு வேலையை நிறுத்திக் கொண்டது.

அவர் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. சிறு வயதில் மால்வேர் எழுதிய குற்றத்துக்காக அதே வருடம் ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் அவர் கைது செய்யப்பட்டார். 2019ல் குற்றத்தை ஒப்புக் கொண்டார். அவர் நல்வழிக்குத் திரும்பியதைக் குறிப்பிட்ட நீதிபதி, மேற்கொண்டு சிறைத் தண்டனை வேண்டாம் என்று விட்டார். திறமை கத்தி மாதிரி. அதைப் பிடிப்பவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது.

கரண்ட் கட் காப்பாற்றிய கப்பல் கம்பெனி!

அடுத்த கதை இன்னும் சுவாரசியம். 2017 ஜூன் 27. டென்மார்க் நாட்டைச் சேர்ந்த 'மெர்ஸ்க்' உலகின் மிகப் பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்று. அன்று அதன் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக இருண்டு போயின. 'நாட்பெட்யா' என்ற மால்வேர் வேலை அது. அது எப்படி உள்ளே வந்தது தெரியுமா? உக்ரைன் நாட்டில் பல நிறுவனங்கள் வரிக் கணக்குக்காகப் பயன்படுத்திய ஒரு சாப்ட்வேரின் அப்டேட்டுக்குள் அதை ஒளித்து வைத்து விட்டார்கள். நம்பி வாங்கிய பால் பாக்கெட்டிலேயே விஷம் கலந்த மாதிரி!

துறைமுகங்களில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. எந்தப் பெட்டி எந்தக் கப்பலுக்குப் போக வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. மும்பைக்கு அருகே உள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்த நிறுவனம் நடத்தும் முனையத்திலும் வேலை தடைப்பட்டது.

எல்லா இடத்திலும் பேக்கப், அதாவது மறுபிரதி, இருந்தது. ஆனால் 'நிறுவனத்தில் யார் யார், யாருக்கு எந்தக் கதவு திறக்கும்' என்ற முக்கியமான பட்டியல் இருக்கும் சர்வர்கள் எல்லாமே ஒன்றோடொன்று இணைந்திருந்ததால் மொத்தமாக அழிந்து விட்டன. ஒன்றே ஒன்றைத் தவிர! ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டு அலுவலகத்தில், தாக்குதல் நடந்த நேரத்தில் கரண்ட் இல்லை. அதனால் அந்த ஒரு சர்வர் மட்டும் அணைந்து கிடந்து, தப்பிப் பிழைத்தது. அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் திரும்பக் கட்டினார்கள். 10 நாட்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக அமைத்தார்களாம்.

கரண்ட் போனால் இனிமேல் திட்டாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. மறுபிரதி எப்போதும் இணைப்பிலேயே இருந்தால், ஆபத்து வரும்போது அதுவும் சேர்ந்தே போகும். இணைப்பிலிருந்து விலகி இருந்ததுதான் பிழைத்தது.

தூண்டிலும் வலையும்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். மீன் பிடிப்பவர்கள் இரண்டு விதமாகப் பிடிப்பார்கள் இல்லையா? பெரிய மீன் ஒன்றைக் குறிவைத்துத் தூண்டில் போடுவார்கள். அல்லது, சின்ன மீன் எது வந்தாலும் சரி என்று வலை வீசுவார்கள்.

கம்பெனிகளுக்குத் திருடர்கள் தூண்டில் போடுகிறார்கள். 2021 மே மாதம் அமெரிக்காவில் 'கலோனியல் பைப்லைன்' என்ற நிறுவனத்துக்கு இப்படி நடந்தது. 8,800 கிலோமீட்டர் நீளக் குழாய்களில் பெட்ரோல், டீசல் அனுப்பும் நிறுவனம் அது. யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு கணக்கின் பாஸ்வேர்டு திருடர்களுக்குக் கிடைத்து விட்டது. ஒரே ஒரு பாஸ்வேர்டு! அதை வைத்து உள்ளே புகுந்து கம்ப்யூட்டர்களைப் பூட்டினார்கள். குழாய்களைப் பல நாட்கள் மூட வேண்டியதாயிற்று. பெட்ரோல் பங்குகளில் கூட்டம் அலைமோதியது. நிறுவனம் சுமார் 44 லட்சம் டாலர் கொடுத்தது. அதில் ஒரு பகுதியைப் பிறகு அமெரிக்கப் புலனாய்வுத் துறை மீட்டது.

வீடுகளுக்கோ, வலை வீசுகிறார்கள். 'ஸ்டாப்' என்றொரு ரேன்சம்வேர். 2018 முதல் பரவியது. இது குறிவைத்தது பெரும்பாலும் வீட்டுக் கம்ப்யூட்டர்களை. எந்த வழியாகத் தெரியுமா? காசு கொடுத்து வாங்க வேண்டிய கேம்களையும் சாப்ட்வேர்களையும் 'இலவசமாகத் தருகிறோம்' என்று சொல்லும் 'கிராக்' பைல்கள் வழியாக! இது கேட்ட தொகை 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பாதித் தொகை, 490 டாலர். துணிக்கடை ஆடித் தள்ளுபடி மாதிரி இருக்கிறதல்லவா? ஆளைப் பார்த்து விலை. கம்பெனியிடம் லட்சக்கணக்கில், உங்கள் அப்பாவிடம் சில நூறு டாலர்.

கிராக் பைல் தரும் பல தளங்களில் ஒரு வாசகம் இருக்கும். 'இன்ஸ்டால் செய்வதற்கு முன் ஆன்டி வைரஸை அணைத்து விடவும்.' இதற்கு என்ன அர்த்தம்? 'நான் உள்ளே வரப் போகிறேன், வாட்ச்மேனைக் கொஞ்சம் டீ குடிக்க அனுப்பி விடுங்கள்' என்று திருடன் சொல்கிறான். நாமும் சரி என்று அனுப்பி விடுகிறோம்!

உங்கள் வீட்டுக் கேமரா ஊர்ச் சண்டைக்குப் போன கதை

"எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே இல்ல டீச்சர். திருடிட்டுப் போகட்டும்" என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்காகவே இந்தக் கதை.

2016ல் 'மிராய்' என்ற மால்வேர் வந்தது. இது கம்ப்யூட்டரைத் தேடவில்லை. இன்டர்நெட்டில் இணைந்திருந்த கண்காணிப்புக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடியது. அவற்றில் பல, கம்பெனியில் வைத்து அனுப்பிய பாஸ்வேர்டுடனேயே ஓடிக் கொண்டிருந்தன. 'அட்மின்', '12345' போன்ற பாஸ்வேர்டுகள்தான்! மிராயிடம் சுமார் 60 பாஸ்வேர்டு ஜோடிகள் கொண்ட ஒரு சிறிய பட்டியல் இருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கருவிகளுக்குள் புகுந்து விட்டது. கேமராவின் சொந்தக்காரருக்கு எதுவும் தெரியாது. கேமராவில் படம் வழக்கம் போலத் தெரியும்.

அக்டோபர் 21 அன்று, இப்படி அடிமையாக்கப்பட்ட கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் 'டைன்' என்ற அமெரிக்க நிறுவனத்தின் சர்வர்களை மொய்த்தன. இன்டர்நெட் முகவரிகளைத் தேடித் தரும் நிறுவனம் அது. ஒரே நேரத்தில் லட்சம் பேர் ஒரே கதவைத் தட்டினால் என்ன ஆகும்? கதவு திறக்கவே முடியவில்லை. ட்விட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற பெரிய தளங்கள் பல மணி நேரம் பலருக்கும் கிடைக்கவில்லை.

மிராயை எழுதியவர்கள் யார்? கல்லூரி வயது இளைஞர்கள் மூவர். அவர்கள் முதலில் தாக்கியவற்றில் நீங்கள் விளையாடும் மைன்கிராஃப்ட் கேமின் சர்வர்களும் உண்டு! 2017 டிசம்பரில் மூவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக் கொண்டார்கள்.

புரிகிறதா? திருடனுக்கு உங்கள் வீட்டில் இருக்கும் பொருள் மட்டும் தேவையில்லை. உங்கள் வீடே தேவை. அங்கிருந்து அடுத்த வீட்டுக்குக் கல்லெறிவான். அடி வாங்கியவர்கள் திரும்பிப் பார்த்தால், கல் வந்தது உங்கள் ஜன்னலில் இருந்து!

ஒப்பிட்டுப் பார்ப்போம்

யார் குறி? கம்பெனிக்குப் பெயர் சொல்லிக் குறிவைத்து வருவான். வீட்டுக்கு, 'யார் கதவு திறந்திருக்கிறதோ அங்கே' என்று வருவான்.

கதவுகள் எத்தனை? கம்பெனியில் ஆயிரக்கணக்கான பேர், ஆயிரக்கணக்கான கதவுகள். ஒருவர் ஏமாந்தால் எல்லோருக்கும் ஆபத்து. வீட்டில் கதவுகள் கொஞ்சம். அதனால் காவல் சுலபம்.

காவல் யார்? கம்பெனியில் சம்பளத்துக்கு ஆள். இரவு பகலாகப் பார்ப்பார்கள். வீட்டில் யாரும் இல்லை.

இழப்பு எது? கம்பெனிக்குப் பணம், நேரம், நல்ல பெயர். மருத்துவமனை என்றால் உயிருக்கே ஆபத்து. வீட்டில்? தாத்தாவின் கடைசிப் படம், தங்கை முதலில் நடந்த வீடியோ. எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாதவை.

மீள்வது எப்படி? கம்பெனியில் பெரும்பாலும் மறுபிரதி இருக்கும். 2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டன. பல நாட்கள் நோயாளிகளின் பதிவுகளைக் கையால் எழுதினார்கள். ஆனால் பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரில் இருந்து தகவல்களை மீட்டார்கள். நம் வீடுகளில்? என்னைப் போல 'கட்' செய்து வைத்திருப்பவர்களே அதிகம்!

ஆக, முடிவு இதுதான். கம்பெனி மீது விழும் அடி பெரியது; ஆனால் தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கிறது. வீட்டின் மீது விழும் அடி சிறியது. ஆனால் தாங்கிப் பிடிக்க யாரும் இல்லை. அந்த 'யாரும் இல்லை' என்ற இடத்தில் நிற்கப் போவது நீங்கள்தான்!

குட்டிக் காவலாளிக்கு எட்டுக் கட்டளைகள்

1. அப்டேட் கேட்டால் 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளாதீர்கள். அதுதான் ஓட்டையை அடைக்கும் சிமென்ட். உங்கள் வீட்டில் விண்டோஸ் 10 இருந்தால் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அதற்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாப்ட் முடித்துக் கொண்டது.

2. விண்டோஸுடன் இலவசமாகவே வரும் பாதுகாப்பு சாப்ட்வேரை எந்தக் கேமுக்காகவும் அணைக்காதீர்கள்.

3. 'கிராக்' பைல்கள் பக்கமே போகாதீர்கள். இலவசமாக விளையாட நேர்மையான கேம்கள் எத்தனையோ உண்டு.

4. வெளியில் போய் வந்த பென் டிரைவைத் திறப்பதற்கு முன் ஸ்கேன் செய்யுங்கள். வெளியில் போய் வந்தால் கை கால் கழுவுகிறோமே, அது போல.

5. கல்யாணப் பத்திரிகை, டிராபிக் அபராதம் என்று வாட்ஸ்அப்பில் 'ஏபிகே' என்று முடியும் பைல் வந்தால் தொடாதீர்கள். தெரிந்தவர் அனுப்பியதாக இருந்தாலும் சரி. கல்யாணப் பத்திரிகையை யாராவது இன்ஸ்டால் செய்வார்களா?

6. ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு வையுங்கள். புதுக் கேமராவோ ரவுட்டரோ வந்தால், கூடவே வந்த பாஸ்வேர்டை அன்றே பெரியவர்களை மாற்றச் சொல்லுங்கள்.

7. முக்கியமான பைல்களுக்கு மறுபிரதி வையுங்கள். பிரதி எடுத்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். கானா கதை நினைவிருக்கிறதா?

8. ஏதாவது விபரீதமாக நடந்தால் முதலில் இன்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். எதையும் அழிக்காதீர்கள், பார்மட் செய்யாதீர்கள். விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மிரட்டியவனுக்குப் பணம் கொடுத்தாலும் சாவி கிடைக்கும் என்று நிச்சயம் இல்லை. பணம் பறிபோயிருந்தால் பெரியவர்கள் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று. தவறுதலாக நீங்களே எதையாவது கிளிக் செய்து விட்டால், அதை அப்பா அம்மாவிடம் மறைக்காதீர்கள். திட்டுவார்களே என்று பயந்து மறைக்கும் நேரத்தில்தான் அது வீடு முழுக்கப் பரவும். பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை: உண்மையைச் சொன்ன குழந்தையைத் திட்டாதீர்கள். எனக்கு 58 வயதுக்கு மேல் ஏற்பட்ட பதற்றம், 10 வயதுக் குழந்தைக்கு வராதா?

அந்த 140 படங்கள் என்ன ஆயின?

மறுபடியும் எல்லா மாணவர்களிடமும் கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. வீடு மாறியவர்கள், மழையில் படம் நனைந்து போனவர்கள், ஊரை விட்டே போனவர்கள்... எல்லோரிடமும் கேட்டு 61 படங்கள் திரும்பக் கிடைத்தன. மீதி 79 கிடைக்கவில்லை. அதில் நான் வேலைக்குச் சேர்ந்த 1982ஆம் வருடத்தின் முதல் வகுப்புப் படமும் ஒன்று. பின் வரிசையில் யார் யார் நின்றார்கள் என்று கண்ணை மூடிக் கொண்டு இப்போதும் சொல்வேன். ஆனால் உங்களுக்குக் காட்ட என்னிடம் படம் இல்லை.

அந்த 61 படங்கள் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன. என் கம்ப்யூட்டரில் ஒன்று. அலமாரியில் கழற்றி வைத்த டிஸ்க்கில் ஒன்று. வெளியூரில் இருக்கும் என் மகன் வீட்டில் ஒன்று. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்திதான் மாதா மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை பிரதி எடுக்கிறாள். 'உங்க வீட்டுல யாரு டீச்சர் இருக்கா?' என்று என் மாணவன் இப்போது கேட்டால், அவளைக் கை காட்டுவேன்.

வாத்தியார் அம்மா வீட்டுப்பாடம் இல்லாமல் விடுவேனா? இதோ: இந்த ஞாயிற்றுக்கிழமை, உங்கள் வீட்டில் மிகவும் பிரியமான பத்துப் படங்களைத் தேர்ந்தெடுங்கள். அப்பா அம்மாவின் அனுமதியோடு இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். 'கட்' இல்லை செல்லங்களே... 'காப்பி'!